தீப்பெட்டியும் வாக்குப்பெட்டியும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் சிவகாசி அச்சகங்களுக்கு இரவு பகல் கிடையாது. அப்படி ஒரு மாலையில் சிறிய ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். காலையில் ஓடி முடிந்த சுவரொட்டிகள் ஒரு பக்கம் அடுக்கிக் கிடந்தன. பிளேட்டைக் கழற்றி, உருளையில் இருந்த மையைத் துணியால் துடைத்துவிட்டு, எதிரணிக்காரரின் சுவரொட்டியை ஓட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு தலைவர்களும் ஒரே கொட்டகையில், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தபடி காய்ந்துகொண்டிருந்தார்கள். மெஷின் ஓட்டுகிற அண்ணன் ஒரு தாளை உருவி அடிவிளிம்பைக் காட்டினார். எறும்பு ஊர்ந்த தடம்போல் ஒரு வரி: அச்சகத்தின் பெயர், வெளியிடுபவரின் பெயர். “தலைவர் மூஞ்சி மங்கலா விழுந்தாக்கூட திட்டோட போயிரும். இந்த வரி விழலைன்னா கேஸு” என்றார்.

அவர் சொன்னது சரி. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127-ஏ பிரிவு. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தல் சுவரொட்டியை அடித்தால் ஆறு மாதம் வரை சிறை. இப்படி ஒரு தாளுக்குக் கணக்குக் கேட்கிற அதே நாட்டில்தான், 2018 முதல் தேர்தல் பத்திரம் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. கட்சிக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சொல்லி ரத்து செய்யும்வரை, சுவரொட்டியை அடித்தவர் பெயர் நமக்குத் தெரியும், அதற்குப் பணம் கொடுத்தவர் பெயர் தெரியாது.

ஐரோப்பாவில் ஜனநாயகம் சரிந்த கதையை நாம் பெரும்பாலும் கொள்கைகளின் கதையாகவே படித்திருக்கிறோம்: பாசிசம், நாஜிசம், கம்யூனிசம், நடுவில் அகப்பட்டுக்கொண்ட தாராளவாதம். பாடப்புத்தகத்துக்கு அது வசதி. எனக்கென்னவோ அந்தக் கதையைக் கடன் பேரேட்டின் பக்கமாகப் படித்தால்தான் பிடிபடுகிறது. யார் யாரிடம் வாங்கினார், எதை அடகு வைத்தார் என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. அப்படிப் படிக்கச் சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1920களின் ஐரோப்பிய அரசுகள் அடகு வைத்த பொருள், தீப்பெட்டி.

ஈவார் குரூகர் சுவீடன்காரர். 1917இல் சுவீடனின் தீப்பெட்டி ஆலைகளை ஒரே நிறுவனமாகத் திரட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகத்தில் உரசப்பட்ட தீக்குச்சிகளில் பாதிக்கும் மேல் அவர் கைக்கு வந்தது. அவர் வழி எளிமையானது. முதல் உலகப்போரில் நொடித்த அரசுகளுக்குப் பணம் வேண்டும். பிற வங்கிகள் கொடுக்கத் தயங்கின. குரூகர் கொடுத்தார். பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி செய்யவும் விற்கவும் தனியுரிமை. போலந்து, கிரீஸ், ஹங்கேரி, லாத்வியா, எஸ்தோனியா, ருமேனியா, யூகோஸ்லாவியா என்று பட்டியல் நீண்டது. பிரான்சுக்கு மட்டும் 1927இல் 7.5 கோடி டாலர். அந்தப் பணமும் அவருடையதல்ல. அமெரிக்கப் பங்குச் சந்தையில் சாதாரண மனிதர்களிடம் திரட்டியது.

எல்லாவற்றிலும் பெரிய கடன் ஜெர்மனிக்கு: 12.5 கோடி டாலர். 1929 அக்டோபர் 26இல் ஒப்பந்தம். நியூயார்க் பங்குச் சந்தையின் கறுப்பு வியாழன் கழிந்து இரண்டே நாள்! மலிவான ரஷ்யத் தீப்பெட்டி உள்ளே வராமல் தடுப்பதும் அந்த ஏற்பாட்டுக்குள் அடக்கம். அப்போது ஜெர்மனியின் நிதியமைச்சர் ருடால்ஃப் ஹில்ஃபர்டிங். வங்கிகளும் பெருந்தொழிலும் கலந்து அரசையே எப்படி ஆட்டிவைக்கின்றன என்று 1910இலேயே தடித்த புத்தகம் எழுதிய மார்க்சியர். அவருக்கே அது நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்படாத மத்திய வங்கித் தலைவர் ஹ்யால்மர் ஷாக்ட், புதுக் கடனுக்கு வழிவிட வேண்டுமென்றால் பழைய கடனை அடைக்க 45 கோடி மார்க் ஒதுக்கு என்று பிடித்த பிடியில், 1929 டிசம்பரில் ஹில்ஃபர்டிங் பதவி விலகினார். புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லாம் நிதியமைச்சராகக் கூடாதோ என்னவோ.

தீப்பெட்டிக் கடன்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சான்சலர் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு 1930 மார்ச் 27இல் கவிழ்ந்தது, வேலையில்லாதோர் காப்பீட்டுச் சந்தாவை எவ்வளவு உயர்த்துவது என்ற தகராறில். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமார் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி அரசு அதுதான். அடுத்து வந்த புரூனிங் அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவை வைத்துக்கொண்டு அவசர ஆணைகளால் ஆண்டார். வரி உயர்வு, சம்பள வெட்டு எல்லாம் நாடாளுமன்றத்தின் தலைக்கு மேலே நடந்தன. அந்தச் செப்டம்பர் தேர்தலில் 12 இடங்கள் வைத்திருந்த நாஜிக் கட்சி 107க்குத் தாவியது. கையெழுத்துப் போட மட்டும் ஒரு சபை இருக்கிறது, முடிவெடுப்பது வேறு யாரோ என்று வாக்காளர் கண்டுகொண்ட பிறகு, அந்தச் சபையைக் கொளுத்தவா என்று கேட்பவனுக்குக் கூட்டம் சேரும். 1933 மார்ச் 23இல் அந்தச் சபையே 444க்கு 94 என்ற வாக்கில் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைத்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. கம்யூனிஸ்டுகளால் உள்ளே வரவே முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று திட்டித் தீர்த்த வேகத்தில் பாதியை நாஜிகள் மேல் காட்டவில்லை.

குரூகர் 1932 மார்ச் 12இல் பாரிஸில் தன் வீட்டில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். பெட்டகங்களைத் திறந்து பார்த்தபோது இத்தாலிய அரசின் பெயரில் அவர் போலியாக அடித்து வைத்திருந்த கடன் பத்திரங்கள் கிடைத்தன. (சிவகாசிக்காரர்கள் இதைப் படித்தால் அச்சு எந்த ஊரில் என்று கேட்பார்கள், நம்ம ஊரில் இல்லை.) அவருடைய சொந்த நாட்டில் இன்னொன்று வெளியே வந்தது. பிரதமர் எக்மான் கட்சிக்காகக் குரூகரிடம் 50,000 குரோனர் வாங்கியிருந்தார். வாங்கவில்லை என்று மறுத்து மாட்டிக்கொண்டார். ஆகஸ்டில் பதவி விலகினார். செப்டம்பரில் தேர்தல், சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. பெர் அல்பின் ஹான்சன் பிரதமரானார். அடுத்த ஆண்டே விவசாயிகள் கட்சியோடு ஓர் உடன்பாடு: விவசாயிக்கு விளைபொருள் விலை, தொழிலாளிக்கு வேலை. சுவீடன்காரர்கள் அதை மாட்டுப் பேரம் என்று கேலி செய்தார்கள். மாட்டுச் சந்தைப் பேரம்தான். ஆனால் ஜெர்மனியில் நாடாளுமன்றம் செத்த அதே ஆண்டில் சுவீடனில் அது பிழைத்தது அந்தப் பேரத்தால். மந்தநிலை இரண்டு நாட்டுக்கும் ஒன்று, தீப்பெட்டி ராஜாவும் ஒருவர். சுவீடனில் பணம் வாங்கியவர் பெயர் ஊருக்குத் தெரிந்தது, அவர் வீட்டுக்குப் போனார்.

இதே ஆண்டுகளில்தான் சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவுக்கும் வந்தது. 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் சுங்கவரி ஏறியது. வெளியே செய்து கொண்டுவருவதைவிட இங்கேயே செய்யலாம் என்று அவர்கள் தொடங்கியதுதான் விம்கோ. அதே 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள், தீப்பெட்டித் தொழில் கற்க. மறுவருடம் ஊர் திரும்பி ஆலை போட்டார்கள். நாளாவட்டத்தில் கைத்தொழிலாகவே அது பரவியது. குச்சி அடுக்க ஒரு கை, மருந்தில் முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட ஒரு கை. மழை பொய்த்த கரிசலில் கைகளுக்குப் பஞ்சமில்லை.

போலந்தையும் ஹங்கேரியையும் வளைத்த நிறுவனம் இந்த வானம் பார்த்த பூமியில் ஏன் முழுதாக வளைக்க முடியாமல் போனது? ஒரு காரணம், பகிரங்க விசாரணை. சுவீடன் நிறுவனத்தால் உள்ளூர் உற்பத்தியாளர்களுக்கு ஆபத்தா என்ற கேள்வியையும் சேர்த்து இந்தியச் சுங்கவரி வாரியம் சாட்சியம் வாங்கியது. 1928இல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பிற்காலத்தில் சிறிய ஆலைக்குக் குறைந்த வரி, பெரிய ஆலைக்குக் கூடுதல் வரி என்று படிகள் வகுக்கப்பட்டன. அந்தப் படிகளில் ஏறித்தான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் நாட்டின் தீப்பெட்டியில் பெரும்பங்கைப் பிடித்தது.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். சிவகாசித் தொழிலுக்கு முதல் எங்கிருந்து வந்தது? 1899இல் கோயில் நுழைவுத் தகராறில் சிவகாசி தாக்கப்பட்டதும், கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றதும் நாடார்களுக்கு ஒன்றைத் தெளிவாக்கின: நாம் கேட்டு யாரும் தரப்போவதில்லை. சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களிலும் உறவின்முறை என்ற சாதிச் சங்கம் இருந்தது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைப்பார்கள். அந்தப் பொதுப்பணத்தில் கிணறு, மண்டபம், பள்ளிக்கூடம். விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் ஓடிய பள்ளி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரத்துக்கொரு முறை ஆள் வந்து வாங்கிப்போவார். காமராஜர் படித்தது அந்தப் பிடி அரிசியில்தான். பிறரிடம் கைகட்டி நிற்காத ஒரு சமூகத்தை ஒரு பிடி அரிசி உண்டாக்கியது என்று சொன்னால் கொஞ்சம் மிகை; ஆனால் பெரிய மிகை இல்லை. மகமையில் வாக்கு ஆண்களுக்கு. சாதிக்கு வெளியே இருந்தவருக்கு அந்தக் கிணறு இல்லை. இதையும் சேர்த்தே அந்தக் கணக்கை எழுத வேண்டும்.

கொள்கைகளும் இந்த ஊருக்கு வந்தன. 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில் நடந்தது, தலைமை ஆர்.கே. சண்முகம் செட்டியார். அந்த டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். அவர் போயிருந்த அந்த வருடத்தில்தான் குரூகர் செத்தார், சுவீடன் பிரதமர் போனார், ஜெர்மனியில் நாஜிக் கட்சி முதலிடம் பிடித்தது. ஊர் திரும்பி அடுத்த மாதமே பொதுவுடைமையாளர் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் வைத்த சமதர்மத் திட்டத்தில், அரசின் பொதுக்கடன்களை ரத்து செய்வது, உழவர் தொழிலாளர் பட்ட கடன்களை ரத்து செய்வது என்ற இரண்டும் இருந்தன. கடன்தான் முடிச்சு என்று அவர் கண்டிருக்கிறார். 1934இல் கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டதும் அந்தத் திட்டத்தின் வேகம் தணிந்தது; நீதிக்கட்சியின் பக்கம் அவர் நகர்ந்தார். ஈரோட்டுத் தீர்மானம் காகிதத்தில் நின்றது. கரிசலில் வட்டிக்கடை நிற்கவில்லை.

பெரியாருக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1966இல், விருதுநகர்க்காரர் ஒருவர் அதே திசையில் போனார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் வேட்டி சட்டையோடு சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி முதலிய நாடுகளைச் சுற்றிவந்தார். ஆளுங்கட்சி 99 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கும் நாடுகள் அவை. 1953இல் கிழக்கு பெர்லினிலும் 1956இல் புடாபெஸ்டிலும் தொழிலாளிகளே எழுந்தபோது டாங்கிகள் பதில் சொன்ன நாடுகள். அங்கிருந்து திரும்பி ஏழெட்டு மாதத்தில் அவர் சொந்த ஊரில் நின்றார். விருதுநகர் சட்டமன்றத் தொகுதி, 1967. எதிரே தி.மு.க.வின் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னுக்கு வந்த மாணவர் தலைவர். 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். மார்ச் 6இல் அண்ணாதுரை முதலமைச்சரானார். இருபது ஆண்டு ஆண்ட கட்சி கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தது. தோற்றவர் இரண்டு ஆண்டு கழித்து நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார்.

அந்தத் தோல்விக்கு அரிசி, மொழி, கட்சிக்காரர்களின் அலட்சியம் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். 1956 ஜூலை 27இல் இதே விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். முதலமைச்சர் அதே ஊர்க்காரர், அதே கட்சியில் வளர்ந்தவர். இரண்டரை மாதம் அந்தக் கிழவர் கிடந்தார். அக்டோபர் 13இல் இறந்தார். அரசு அசையவில்லை. காமராஜர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த இரண்டரை மாதத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஊர் அதை மறந்திருக்காது. அதற்குப் பதிலை அது வாக்குச்சீட்டில் எழுதியது என்பதுதான் கிழக்கு பெர்லினுக்கும் விருதுநகருக்கும் இடையே உள்ள தூரம். 1967இல் சென்னையில் காங்கிரசை வீழ்த்திய அணியில் வலதுகோடி சுதந்திராக் கட்சியும் இடதுகோடி மார்க்சிஸ்டுகளும் ஒன்றாக நின்றார்கள். கொள்கைச் சுத்தம் பார்க்கிறவர்களுக்கு அது அசிங்கமாகத் தெரியலாம். 1932இல் பெர்லினில் சுத்தம் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு ஒரே முகாமின் கம்பிக்குள் சந்தித்துக்கொண்டார்கள்.

இன்றைய ஐரோப்பாவில் டாங்கி வருவதில்லை. 2014இல் ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் தாராளவாதமல்லாத ஓர் அரசைக் கட்டுவதாக வெளிப்படையாகவே பேசினார். அத்தகைய அரசில் தேர்தல் ஒழுங்காக நடக்கும். பத்திரிகை, நீதிமன்றம், ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஹங்கேரிக்கான சுமார் 630 கோடி யூரோவை நிறுத்திவைத்தது. கொடுப்பதை நிறுத்தி வழிக்குக் கொண்டுவரும் வித்தை. குரூகர் இதைப் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

சிவகாசிக்குத் திரும்புவோம். தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1இல் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. பதினான்கு ஆண்டுக்குப் பிறகு அந்த உயர்வு. முடிவெடுத்தது ஒரு குரூகர் அல்ல, சிவகாசியில் கூடிய உற்பத்தியாளர் சங்கங்கள். 2023இல் 20 ரூபாய்க்குக் குறைவான வெளிநாட்டு லைட்டருக்கு இறக்குமதித் தடை வந்ததும் அவர்கள் கேட்டு வாங்கியதுதான். முதலாளிகளுக்கு ஜனநாயகம் இங்கே நன்றாகவே காது கொடுத்திருக்கிறது.

தொழிலாளிக்கு? ஊர்ப்பக்கம் ஆலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். ஆபீஸுக்குப் போகிறவர்கள் விடியுமுன் வண்டி ஏறினார்கள், வெகுகாலம் பிள்ளைகளும் சேர்த்து. 1986இல் தொடுத்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். வாக்கில்லாத பிள்ளைகளுக்காகச் சட்டமன்றத்தில் முழங்கியவர்கள் குறைவு. நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. அதே நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தபோது, பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தில்லியின் மூச்சுக்கும் திருத்தங்கல்காரரின் சோற்றுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் சோற்றுக்காரரை யாரும் ஏற்றவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரி, அச்சங்குளம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உள்குத்தகை என்ற சொல் பத்திரிகையில் வரும். உரிமம் ஒருவர் பேரில். அறை அறையாக வாடகைக்குப் பிடித்து மருந்து கலக்குகிறவர் வேறு. வெடித்த பிறகு யார் பெயரில் வழக்கு என்று தேடுவார்கள். சுவரொட்டிக்கு இருக்கிற அந்த எறும்பு வரி இந்த அறைகளின் கதவில் இல்லை.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து பட்டாசுக்குக் கருந்திரி செய்யும் வேலையை விட்டு வந்த கதையைச் சொன்ன அக்கா ஒருவர், உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். முன்பணக் கணக்கு. இடது பக்கம் வாங்கியது: மகள் சடங்கு, வீட்டுக்காரர் ஆபரேஷன், மகன் பாலிடெக்னிக் பீஸ். வலது பக்கம் வாராவாரம் பிடித்தது. முன்பணம் இருக்கும்வரை வேறு ஆபீஸுக்குப் போக முடியாது. இந்த அறையில் காற்றோட்டம் இல்லை, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, மருந்து தொட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. “ஓட்டுப் போடுற அன்னைக்கு லீவு விட்டாங்க. வண்டியும் அவங்களே அனுப்பினாங்க” என்றார். யாருக்குப் போடச் சொன்னார்கள் என்று கேட்டேன். “சொன்னாங்க. உள்ளே போனா நானும் பட்டனும்தானே” என்று சிரித்தார்.

12.5 கோடி டாலர் தீப்பெட்டிக் கடனை ஜெர்மனி வெகுகாலம் அடைத்துக்கொண்டிருந்தது. ஹிட்லர் வந்து போனார், நாடு இரண்டாய்ப் பிளந்தது. மேற்கு ஜெர்மனி தவணை கட்டியது. அங்கே தீப்பெட்டி ஏகபோகம் முடிந்தது 1983 ஜனவரியில். அக்கா நோட்டில் கடைசித் தவணை போன தீபாவளிக்கு முந்தின வாரம் பிடித்திருந்தது. அதற்குக் கீழே அவர் ஒரு கோடு இழுத்து, அழுத்தம் போதவில்லை என்று நினைத்தோ என்னவோ, அதன் மேலேயே இன்னொரு கோடும் இழுத்திருந்தார்.